செத்துப்போன மென்பொருள் கேட்கும் அப்டேட்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில்பட்டியிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடுவதற்கு முன் இரண்டு முறை படித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். கணினித் திரையின் வலது மூலையில் ஒரு சிறு பெட்டி அடிக்கடி வந்து, ஃப்ளாஷ் பிளேயர் பழையதாகிவிட்டது, உடனே புதுப்பிக்காவிட்டால் கணினிக்கு ஆபத்து என்று ஆங்கிலத்தில் எச்சரிப்பதாகச் சொன்னார். பிறகு, "நீதானப்பா சொன்னே, அப்டேட் கேட்டா தள்ளிப்போடக் கூடாதுன்னு. போட்டுறவா?" என்று கேட்டார்.

போடாதீர்கள், எதையும் தொடாதீர்கள், நான் வருகிற வாரம் ஊருக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி அன்று முழுவதும் என்னை விடவில்லை. வலைப்பக்கங்களில் அசையும் படத்தையும் காணொளியையும் காட்டிவந்த ஃப்ளாஷ் பிளேயருக்கான ஆதரவை அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. 2021 ஜனவரி 12 முதல், கணினியில் எஞ்சியிருந்த பிளேயரே எந்தக் காட்சியையும் ஓட்ட மறுக்கும்படி முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருந்தது. அதாவது இன்று ஒரு வீட்டுக் கணினியில் ஃப்ளாஷைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் அறிவிப்பு எதுவாக இருந்தாலும் அது பொய். அந்தப் பொய்யை அவர் ஏறக்குறைய நம்பியதற்குக் காரணம் அவருடைய அறியாமை அன்று; பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் சொல்லிக்கொடுத்த விதிதான். அந்த விதி அன்று ஏன் சரியாக இருந்தது, இன்று ஏன் அது மட்டும் போதவில்லை என்பதை எனக்காகவே ஒரு முறை எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

செருகுநிரல் என்று நாம் தமிழில் சொல்லும் ப்ளக்-இன், உலாவியின் ஒரு பகுதி அன்று. உலாவிக்குள் குடியேறிய வேறொரு நிறுவனத்தின் தனி மென்பொருள் அது. 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் தன் இரண்டாம் பதிப்பில் இதற்கு வாசல் திறந்துவிட்டது. எழுத்தையும் படத்தையும் தவிர வேறெதையும் காட்டத் தெரியாதிருந்த உலாவிக்கு, அசையும் படத்தையும் ஒலியையும் பி.டி.எஃப். கோப்பையும் காட்டும் வேலையை வெளியாட்கள் செய்து கொடுக்கலாம் என்ற ஏற்பாடு அது. அந்த வாசல் வழியாக வந்தவைதான் ஃப்ளாஷ், வலைப்பக்கத்துக்குள் சிறு நிரல்களை ஓட்டும் ஜாவா, காணொளி காட்டும் குயிக்டைம், சில்வர்லைட், அடோபி ரீடர் எல்லாம். ஃப்யூச்சர்வேவ் என்ற சிறிய நிறுவனத்திடமிருந்து 1996-இல் மேக்ரோமீடியா வாங்கிப் பெயர் மாற்றியது ஃப்ளாஷ். 2005-இல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கிவிட்டது. அதே 2005-இல் யூடியூப் பிறந்து, தன் காணொளிகளை ஃப்ளாஷ் வழியாகவே காட்டியது. ஃப்ளாஷ் இல்லாத கணினியை அன்று கணினி என்று சொல்லவே முடியாத நிலைமை.

இதில் இருந்த சிக்கல் இதுதான். செருகுநிரலுக்கென்று தனிக் கட்டுப்பாடு ஏதும் தொடக்க காலத்தில் இல்லை. கணினியில் உட்கார்ந்திருப்பவருக்கு என்னென்ன உரிமைகள் உண்டோ, அவை அனைத்தும் அதற்கும் உண்டு; கோப்புகளைப் படிக்கலாம், எழுதலாம், வேறு நிரலை இயக்கலாம். திண்ணையில் இளைப்பாற வந்தவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்ததைப் போன்ற ஏற்பாடு. அந்தச் செருகுநிரலில் ஒரு பிழை இருந்து, அந்தப் பிழையைத் தூண்டும்படி ஒரு வலைப்பக்கத்தை யாரேனும் அமைத்துவிட்டால், பக்கத்தைத் திறந்தாலே போதும். எதையும் தரவிறக்க வேண்டாம், எதற்கும் சம்மதம் சொல்ல வேண்டாம். பிழை இருப்பதும்கூடப் பெரிய செய்தி அன்று. எல்லா மென்பொருளிலும் பிழை உண்டு. அதைத் திருத்திய பதிப்பு வீட்டுக் கணினிக்கு எப்படி வந்து சேரும் என்பதில்தான் எல்லாம் கெட்டது.

உலாவியை அதன் நிறுவனம் புதுப்பித்தது. விண்டோஸை மைக்ரோசாஃப்ட் புதுப்பித்தது. செருகுநிரல்களோ ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு தூதனை வைத்திருந்தன. கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு காப்பிக் கோப்பை எட்டிப் பார்த்தால் அது ஜாவா. கணினியைத் தொடங்கியவுடன் நடுத்திரையில் ஒரு பெட்டி வந்தால் அது ஃப்ளாஷ். குயிக்டைமுக்கு இன்னொரு பெட்டி. இவற்றின் கால அட்டவணையும் ஒன்றல்ல. மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் திருத்தங்களை வெளியிட்டது, ஜாவாவை வைத்திருந்த ஆரக்கிள் நிறுவனம் சில மாதங்களுக்கு ஒரு முறை வெளியிட்டது, அவசரமான பிழை என்றால் எல்லோரும் நினைத்த நாளில் வெளியிட்டார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வீட்டில் யாருக்குப் பொறுமை இருக்கும்? போதாக்குறைக்கு, புதுப்பிப்போடு சேர்த்து வேறொரு கருவிப்பட்டையையோ வைரஸ் சோதனை மென்பொருளையோ ஒட்டிக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. முன்னரே குறியிடப்பட்டிருக்கும் அந்தச் சிறு கட்டத்தைப் பார்த்து நீக்காவிட்டால், கேட்காத விருந்தாளி ஒருவர் சேர்ந்தே வந்துவிடுவார். பாதுகாப்புக்காக வரும் ஒன்றை மக்கள் தொல்லையாகப் பார்க்கப் பழகியதற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

எங்கள் வீட்டில் காரணம் இன்னும் எளிமையானது. 2011-இல் நாங்கள் சென்னையில் வாடகை வீட்டில் இருந்தோம். அகண்ட அலைவரிசை இணைப்பு என்ற பெயரில் மாதத்துக்கு 2.5 ஜி.பி. அளவு கிடைத்தது, இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை பயன்படுத்துவது மட்டும் கணக்கில் சேராது. ஆகவே பெரிய தரவிறக்கம் எதுவாக இருந்தாலும் இரவுக்கு ஒத்திவைப்பது எங்கள் வழக்கம். செருகுநிரல்களின் அறிவிப்புக்கும் "பிறகு நினைவூட்டு" என்பதையே அழுத்திவிட்டு, இரவில் அதை மறந்து தூங்கினேன். மாதக்கணக்கில் இப்படியே போனது. ஒரு நாள் தேடுபொறியில் எதைத் தேடினாலும் வேறெங்கோ கொண்டுபோய் விட்டது. கணினி சும்மா இருக்கும்போதும் விசிறி இரைந்தது. எந்த ஓட்டை வழியாக உள்ளே வந்தது என்பதை என்னால் கடைசி வரை உறுதியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. விண்டோஸை அழித்து மறுபடி நிறுவியபோது, மகளின் காதுகுத்துப் படங்களில் பாதியை நகலெடுக்கத் தவறியிருந்தேன் என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது. அதன் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். சித்தப்பாவுக்கு விதி சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு எனக்கு அக்கறை பிறந்ததும் அப்போதுதான்.

படித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கியது, ஓட்டை தேடுவதே ஒரு தொழிலாக நடந்தது என்ற செய்தி. பிளாக்ஹோல் என்ற பெயரில் ஒரு கருவித்தொகுப்பு குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டது. அதை எழுதியவர் 2013 அக்டோபரில் ரஷ்யாவில் கைதானார். அது செய்ததெல்லாம், வந்தவரின் உலாவியிடம், உன்னிடம் என்னென்ன செருகுநிரல்கள் எந்தப் பதிப்பில் இருக்கின்றன என்று கேட்பதுதான். உலாவியும் ஒளிவுமறைவின்றிப் பட்டியலைக் கொடுத்துவிடும். அந்தப் பட்டியலில் பழைய பதிப்பு ஒன்று அகப்பட்டால், அதற்கேற்ற தாக்குதல் அந்தக் கணமே அனுப்பப்படும். எல்லாம் புதியதாக இருந்தால் பெரும்பாலும் வேறு ஆளைத் தேடிக்கொண்டு போய்விடும். கெட்ட தளங்களுக்குப் போகாமல் இருந்தால் போதும் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் இந்தக் கருவிகளை நல்ல தளங்களில் ஓடும் விளம்பரங்களுக்குள்ளேயே ஒளித்துவைத்தார்கள்.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. திருத்தம் வெளியான நாளில் ஆபத்து முடிந்துவிடுவதில்லை. புதுப்பிக்காதவர்களுக்கு அன்றுதான் அது தொடங்குகிறது. பழைய கோப்பையும் திருத்திய கோப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எங்கே பிழை இருந்தது என்பது தேர்ந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். புதிதாகப் பூசிய சுண்ணாம்பைப் பார்த்தே விரிசல் எங்கிருந்தது என்று சொல்லிவிடும் கொத்தனாரைப் போல. இதற்கு 2012-இல் ஆப்பிள் கணினிகளில் நடந்ததைவிடத் தெளிவான சான்று இல்லை. ஜாவாவில் இருந்த ஒரு பிழையை ஆரக்கிள் அந்த ஆண்டு பிப்ரவரி 14-இல் திருத்தி வெளியிட்டது. ஆனால் மேக் கணினிகளுக்கான ஜாவாவை அப்போது ஆப்பிள் தானே தயாரித்து வழங்கிவந்தது. அதன் திருத்தம் ஏப்ரல் 3-ஆம் தேதிதான் வந்தது. இடையில் 49 நாட்கள். அந்த இடைவெளியில் ஃப்ளாஷ்பேக் என்ற தீநிரல், அதாவது கெடுதல் செய்யும் நிரல், ஆறு லட்சத்துக்கும் அதிகமான மேக் கணினிகளில் புகுந்ததாக ரஷ்யாவின் டாக்டர் வெப் நிறுவனம் கண்டறிந்து அறிவித்தது. மேக் கணினிக்கு வைரஸ் வராது என்று பெருமை பேசிய நண்பர்கள் எனக்கு இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அந்த ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பேச்சு குறைந்தது. அந்தத் தீநிரலுக்கு அப்பெயர் வந்த காரணத்தை மட்டும் இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்: 2011-இல் முதன்முதலாகத் தலைகாட்டியபோது அது ஃப்ளாஷ் பிளேயரை நிறுவும் கோப்பாக வேடமிட்டுத்தான் வந்தது.

ஆகவே அன்றைய விதி மிகச் சரியானது. செருகுநிரல் புதுப்பிப்பை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மோசில்லா நிறுவனம், ஒரு பக்கத்தைத் திறந்தால் நம் உலாவியில் உள்ள செருகுநிரல்களில் எது பழையது என்று சொல்லிவிடும் வசதியை நடத்திவந்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு அதைத் திறந்து பார்ப்பது எனக்குச் சில ஆண்டுகள் வழக்கமாக இருந்தது. சித்தப்பாவுக்கும் அதையே பழக்கினேன். அவர் எனக்கு மேலே போய், பதிப்பு எண்களைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதியும் வைத்தார். அந்த நோட்டை இந்த முறை ஊருக்குப் போனபோது பார்த்தேன்.

ஆனால் புதுப்பித்தல் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு பொத்தல் இருந்தது என்பது பின்னாளில் தெரியவந்தது. ஜாவாவைப் புதுப்பித்தால் புதிய பதிப்பு வந்துவிடும், சரி, பழையது போய்விட்டதா? போகவில்லை. நெடுங்காலம், புதுப்பிப்பு நிரல் தனக்கு நேர் முந்திய பதிப்பை மட்டுமே நீக்கியது; அதற்கும் முந்தியவை கணினியிலேயே தங்கிவிட்டன, தாக்குபவர்கள் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளவும் முடிந்தது. புதுப்பித்தால் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டு இதை மக்களிடம் சொல்லாமல் விட்டது ஏமாற்று என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் ஆரக்கிள் மீது குற்றம் சாட்டியது. 2015 டிசம்பரில் அது சமரசத்தில் முடிந்தது. பழைய பதிப்புகள் இருப்பதைப் பயனருக்குச் சொல்லி, நீக்குவதற்கு வழியும் காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. எண்பத்தைந்து கோடிக்கும் மேற்பட்ட கணினிகளில் ஜாவா இருப்பதாக மதிப்பிட்ட காலம் அது. வீட்டில் புதுப் பூட்டுப் போட்டுவிட்டுப் பழைய கதவையும் கொல்லைப்புறத்தில் திறந்தே வைத்திருந்தோம் என்பதை அத்தனை பேரும் அப்போதுதான் அறிந்தோம்.

அதற்கு முன்பே, 2013 ஜனவரியில், ஜாவா விஷயத்தில் ஒரு பெரிய திருப்பம் நிகழ்ந்திருந்தது. திருத்தமே வராத ஒரு பிழையைக் கருவித்தொகுப்புகள் பயன்படுத்தத் தொடங்கியதும், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, உலாவியில் ஜாவாவை முடக்கிவிடுங்கள் என்று பொதுமக்களுக்கே அறிவுரை வழங்கியது. சில நாட்களில் ஆரக்கிள் திருத்தத்தை வெளியிட்டது. அப்போதும் அந்தத் துறை, கட்டாயத் தேவை இல்லையென்றால் முடக்கியே வையுங்கள் என்று தன் அறிவுரையை மாற்றாமல் நின்றது. புதுப்பியுங்கள் என்ற பேச்சு, இல்லாமல் இருக்கப் பழகுங்கள் என்று மாறிய இடமாக நான் இதைத்தான் பார்க்கிறேன்.

இந்தியாவில் அது எளிதாக இருக்கவில்லை. திருநெல்வேலியில் ஆடிட்டராக இருக்கும் நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் இதை நேரில் கண்டேன். மின்னணுக் கையொப்பம் என்பது ஒரு சிறு யூ.எஸ்.பி. டோக்கனில் இருக்கும், அதைப் படித்து வலைப்பக்கத்தில் கையொப்பமிடும் வேலையை அந்தக் காலத்தில் பல தளங்களில் ஜாவா ஆப்லெட் என்னும் சிறு நிரல்தான் செய்தது. அவர் பயன்படுத்தியாக வேண்டிய தளம் ஒன்று, ஜாவாவின் குறிப்பிட்ட பழைய பதிப்பு ஒன்றில் மட்டுமே ஒழுங்காக வேலை செய்தது. புதுப்பித்தால் வாடிக்கையாளரின் கடைசித் தேதி தவறிப்போகும்; புதுப்பிக்காவிட்டால் அத்தனை வாடிக்கையாளர்களின் கணக்கும் இருக்கும் கணினி திறந்து கிடக்கும். 2014 ஜனவரியில் வந்த ஜாவா பதிப்பு, நம்பத்தகுந்த தளங்களின் பெயர்களை நாமே ஒரு விலக்குப் பட்டியலில் எழுதிக்கொள்ள வழி செய்தது. அதுவரை அவர் கண்டுபிடித்திருந்த தீர்வு, கையொப்பத்துக்கென்றே ஒரு பழைய கணினியை ஒதுக்கி, அதில் வேறெந்தத் தளத்தையும் திறக்கக் கூடாது என்று ஊழியர்களுக்கு உத்தரவிட்டதுதான். பெரிய நிறுவனங்கள் பணம் செலவழித்துச் செய்யும் தனிமைப்படுத்தலை அவர் ஒரு பழைய மேசைக்கணினியையும் ஓர் அட்டைப் பலகையையும் வைத்துச் சாதித்துவிட்டார். அது போதுமான தீர்வா என்று அன்று நான் சந்தேகப்பட்டேன்; இன்று அது மிக நல்ல தீர்வு என்றே சொல்வேன்.

ஃப்ளாஷின் முறை 2015 ஜூலையில் வந்தது. அரசுகளுக்கு உளவு மென்பொருள் விற்றுவந்த இத்தாலியின் ஹேக்கிங் டீம் நிறுவனத்துக்குள்ளேயே யாரோ புகுந்து, ஏறக்குறைய 400 ஜி.பி. அளவுள்ள அதன் உள்ளரங்கக் கோப்புகளை வெளியில் போட்டார்கள். அதில் ஃப்ளாஷில் அதுவரை வெளியுலகம் அறியாத பிழைகளும், அவற்றைப் பயன்படுத்தும் முறையும் எழுதப்பட்டிருந்தன. ஒன்றை அடோபி திருத்தியது. சில நாட்களுக்குள் மேலும் இரண்டு வெளிப்பட்டன. திருத்தம் வரும்வரை ஃபயர்ஃபாக்ஸில் ஃப்ளாஷ் தானாக ஓடாதபடி மோசில்லா தடுத்து வைத்தது. ஃப்ளாஷுக்கு ஒரு முடிவு நாளை அறிவித்துவிடுங்கள் என்று ஃபேஸ்புக்கின் அப்போதைய பாதுகாப்புத் தலைவர் அலெக்ஸ் ஸ்டாமோஸ் வெளிப்படையாகவே கேட்டார். அந்த வாரத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த சித்தப்பாவைப் போன்ற ஒழுங்கான பயனருக்குக்கூட எந்தப் பயனும் இல்லை. எழுதிக்கொள்ளப் புதிய பதிப்பு எண்ணே இல்லாதபோது எதைப் புதுப்பிப்பது?

அதற்குப் பின் எல்லாம் வேகமாக நடந்தன. குரோம் 2015-இலேயே பழைய வகைச் செருகுநிரல்களுக்கு வாசலை அடைத்தது. 2010 முதல் ஃப்ளாஷைத் தன்னோடு சேர்த்தே கொடுத்துத் தானே புதுப்பித்து வந்ததால் அதற்கு அது எளிதாயிற்று. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் ஃப்ளாஷைத் தவிர மற்றவற்றை நிறுத்தியது. விண்டோஸுக்கான குயிக்டைமை நீக்கிவிடும்படி 2016 ஏப்ரலில் அமெரிக்க அரசின் கணினி அவசரக் குழு சொல்லிவிட்டது. ஆப்பிள் அதைப் புதுப்பிப்பதை நிறுத்தியிருந்தது. 2017 ஜூலையில் அடோபியும் ஃப்ளாஷுக்கு நாள் குறித்தது. மூன்றரை ஆண்டு அவகாசம் கொடுத்தும் போதாதவர்கள் இருந்தார்கள்: தென்னாப்பிரிக்காவின் வருவாய்த் துறை, தன் படிவங்கள் சில ஃப்ளாஷிலேயே நின்றுவிட்டதால், 2021 ஜனவரியில் அவற்றை நிரப்புவதற்கென்றே ஃப்ளாஷோடு கூடிய தனி உலாவி ஒன்றை வெளியிட்டது. நம்மூரில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று நினைத்திருந்த எனக்கு அது ஒரு விதத்தில் ஆறுதல்.

இப்போது சித்தப்பாவின் பெட்டிக்கு வருகிறேன். புதுப்பிக்கச் சொல்லி வரும் பெட்டியை மக்கள் நம்பப் பழகிவிட்டார்கள் என்பதைக் குற்றவாளிகள் நமக்கு முன்பே கவனித்துவிட்டார்கள். ஃப்ளாஷ்பேக்கின் பெயர்க்காரணம் அதுதான். 2017 அக்டோபர் 24-ஆம் தேதி ரஷ்யாவிலும் உக்ரைனிலும் பரவிய பேட் ராபிட் என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரலும், ஊடுருவப்பட்ட செய்தித் தளங்கள் வழியாக, ஃப்ளாஷ் புதுப்பிப்பு என்று சொல்லித்தான் உள்ளே வந்தது; அதில் எந்தப் பிழையையும் துளைக்க வேண்டியிருக்கவில்லை, பயனரே கோப்பை இயக்கினார். உக்ரைனின் ஒடேசா விமான நிலையம்கூட அதில் மாட்டிக்கொண்டது. ஃப்ளாஷ் இறந்த பிறகும் அதன் பெயர் மட்டும் பேயாக அலைவதற்குக் காரணம், அந்தப் பெயருக்கும் "அப்டேட்" என்ற சொல்லுக்கும் இடையில் நாம் இருபது ஆண்டுகளாக வளர்த்த பழக்கம்.

ஊருக்குப் போய்ப் பார்த்தபோது, அந்தப் பெட்டி கணினிக்குள் புகுந்த எதுவும் காட்டியதன்று. ஏதோ ஒரு தளத்தில் "அறிவிப்புகளை அனுமதி" என்று கேட்டிருக்கிறது, அவர் அனுமதித்திருக்கிறார். அன்றிலிருந்து அந்தத் தளம் உலாவியின் வழியாகவே திரை மூலையில் பெட்டியைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அமைப்புகளில் தளங்களுக்கான அனுமதிகள் என்ற பகுதிக்குள் அறிவிப்புகளைத் திறந்து, பட்டியலில் இருந்த பதினோரு தளங்களையும் நீக்கியதும் பெட்டி நின்றது. அந்தப் பட்டியலில் நாளிதழும் இல்லை, வங்கியும் இல்லை. அவருக்குப் பெயர்கூடத் தெரியாத தளங்கள்.

அதோடு எழுந்துவிடாமல் நீட்சிகளின் பட்டியலையும் திறந்தேன். செருகுநிரல்கள் போன பிறகு உலாவியில் எஞ்சியிருக்கும் வெளியாட்கள் இந்த எக்ஸ்டென்ஷன்கள்தான். இவற்றுக்குச் சாவிக்கொத்து முழுவதும் கிடைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் "எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்" என்ற ஒரு வரிக்குச் சம்மதித்துவிட்டால், நாம் பார்க்கும் ஒவ்வொரு பக்கத்தையும் அவையும் பார்க்கும். பழைய வலைப்பதிவர்களுக்கு நீட்சிகள் என்றாலே ஒரு பாசம் உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் தமிழ்விசை என்ற தட்டச்சு நீட்சியை நிறுவித்தான் நம்மில் பலர் வலையில் முதல் வரியைத் தட்டினோம். நாளிதழ்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் வந்த காலத்தில் பத்மா என்ற நீட்சியை வைத்து அவற்றை ஒருங்குறியில் (யூனிகோடில்) படித்தோம். 2017 நவம்பரில் வந்த 57-ஆம் பதிப்போடு ஃபயர்ஃபாக்ஸ் பழைய வகை நீட்சிகள் அனைத்தையும் நிறுத்தியபோது எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் அந்தப் பழைய வகைக்கு உலாவி முழுவதிலும் கைவைக்க முடிந்தது என்பதை நினைத்தால், நிறுத்தியது சரி.

நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். செருகுநிரல் காலத்தில் நாம் கேட்டு ஏங்கிய வசதி அது. ஆனால் அதே வசதி, ஆபத்தையும் கதவைத் தட்டாமல் கொண்டுவந்து சேர்க்கிறது. உலாவியில் திறந்துவைத்துப் பயன்படுத்தாத தாவல்களை (டேப்களை) தூங்க வைக்கும் தி கிரேட் சஸ்பெண்டர் என்ற நீட்சியை இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் வைத்திருந்தார்கள். அதை உருவாக்கியவர் 2020-இல் அடையாளம் தெரியாத ஒரு தரப்புக்கு விற்றுவிட்டார், 2021 பிப்ரவரியில் தீநிரல் உள்ளது என்று கூறி கூகுள் அதை நீக்கியது. விற்பனை நடந்ததைப் பெரும்பாலான பயனர்கள் அறியவே இல்லை. 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் நடந்தது இன்னும் கூர்மையானது. சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவரைப் போலி மின்னஞ்சலில் ஏமாற்றி, அந்த நிறுவனத்தின் நீட்சியின் பெயரிலேயே கெட்ட பதிப்பு ஒன்றைக் குரோம் கடையில் ஏற்றிவிட்டார்கள். ஒரு நாளைக்குச் சற்று அதிகமான நேரம் அது பயனர்களின் கணினிகளுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பாகவே போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு நாளில், உடனே புதுப்பித்தவர்கள்தான் மாட்டினார்கள். என் பழைய விதியைத் தலைகீழாக நிறுத்திய நிகழ்வு என்று இதைச் சொல்ல வேண்டும்.

அதனால் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தச் சொல்கிறேன் என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுத்தினால் மறுபடி 2011-க்குத்தான் போவோம். எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்கிறேன். சித்தப்பாவின் உலாவியில் ஒன்பது நீட்சிகள் இருந்தன. பி.டி.எஃப். மாற்றுவதற்கு இரண்டு, வானிலைக்கு ஒன்று, தள்ளுபடிக் கூப்பன் தேடுவதற்கு ஒன்று, முகப்புப் பக்கத்தை மாற்றுவதற்கு ஒன்று என்று போனது பட்டியல். எதையும் தான் நிறுவியதாக அவருக்கு நினைவில்லை. விளம்பரத் தடுப்பு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எட்டையும் நீக்கினேன். கட்டுப்பாட்டுப் பலகத்தில் நிறுவப்பட்ட மென்பொருட்களின் பட்டியலில் ஃப்ளாஷ், ஜாவா இரண்டின் பழைய பதிப்புகளும் அசையாமல் உட்கார்ந்திருந்தன, அவற்றையும் நீக்கினேன். அவர் நோட்டை எடுத்து வந்து, அந்தப் பதிப்பு எண்களின் மேல் பேனாவால் ஒரு கோடு கிழித்தார்.

உண்மையான பழமை எங்கே இருந்தது என்பதைக் கடைசியாகத்தான் பார்த்தேன். அந்தக் கணினியில் இருந்தது விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2020 ஜனவரியிலேயே முடித்துவிட்டது. குரோமும் அந்த இயங்குதளத்துக்கு 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. செத்துப்போன ஃப்ளாஷுக்காக நாள்தோறும் ஒரு பெட்டி அலறிக்கொண்டிருந்தது; மெய்யாகவே பழையதாகிப்போன உலாவி, இனிப் புதுப்பிப்பு வராது என்று எப்போதோ ஒரு வரியில் சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டது. அந்த வரியை அவரும் படித்திருக்கிறார். புதுப்பிக்க வேண்டியதில்லை என்று சொல்கிறது போலும் என்று எண்ணி நிம்மதியாக மூடியிருக்கிறார்.

கணினிக்குப் பன்னிரண்டு வயது. விண்டோஸ் 11 அதில் ஏறாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அவருடைய தேவை நாளிதழ், யூடியூபில் பழைய பாடல்கள், ஓய்வூதியக் கணக்கு, பேரனுக்கு எப்போதாவது ஒரு மின்னஞ்சல். எனவே கோப்புகளை முதலில் வெளி வட்டில் நகலெடுத்து, இந்த முறை ஒரு படத்தைக்கூட விடாமல் எண்ணிச் சரிபார்த்துவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தேன். அதில் உலாவி, இயங்குதளம், பி.டி.எஃப். காட்டும் மென்பொருள் எல்லாவற்றுக்கும் புதுப்பிப்பு ஒரே இடத்திலிருந்து வரும். கடிகாரத்துக்கு அருகில் கேடயம் போன்ற ஒரு சின்னம் தெரியும், அதைத் திறந்து கடவுச்சொல்லைக் கொடுத்தால் முடிந்தது. வலைப்பக்கத்துக்குள்ளிருந்தோ திரை மூலையில் குதித்தோ வருவது எதுவாக இருந்தாலும் அது புதுப்பிப்பு அன்று, கேடயத்துக்குள் இருப்பது மட்டும்தான் புதுப்பிப்பு என்று நோட்டில் அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, தேதியும் போட்டு, கீழே கையெழுத்தும் இட்டார்.

நான் சென்னைக்குத் திரும்பிய நான்காம் நாள் அழைப்பு வந்தது. கேடயத்தில் ஒரு புள்ளி தெரிகிறதாம், அதைத் தொடலாமா என்று கேட்டார். தொடுங்கள் சித்தப்பா என்றேன். நிச்சயமாகத் தெரியுமா என்று இன்னொரு முறை கேட்டுக்கொண்டு, போனை வைக்காமலேயே கடவுச்சொல்லைத் தட்டினார்; ஒவ்வொரு எழுத்தையும் அவர் வாய்விட்டுச் சொல்வது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.